பிள்ளை அமானத்தா? சரக்கா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து, கடைக் கதவைப் பாதி அடைத்துவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தோம். நமக்கு உறவு முறையான ஒரு வாலிபர் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "காக்கா, ஒன்று கேட்கவேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார்.

அவருடைய மூத்த மகனுக்கு ஆறு வயது. பிறந்த வருஷத்திலேயே தலசீமியா என்னும் இரத்த வியாதி இருப்பது தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பிறர் இரத்தத்தை ஏற்றினால்தான் பிள்ளை நடமாடுகிறான். அப்படி ஏற்றுவதால் உடம்பில் இரும்புச் சத்து மிதமிஞ்சிச் சேர்ந்து, இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கிறது. அதை இறக்க வேறு மருந்து. இப்போது அவர்கள் இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்படுகிறார்கள். கருவைச் சோதித்து, அந்த நோய் இல்லாததைக் கர்ப்பத்தில் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லுகிறார். வீட்டுப் பெரியவர்களோ, "அல்லாஹ் கொடுப்பதைத் தரம் பார்த்து வாங்குவதா? இது ஈமானுக்கு ஆகாது" என்கிறார்கள்.

அதே மாதத்தில் இன்னொரு வியாபாரியும் நம்மிடம் பேசினார். மூன்று பெண் மக்களுக்குத் தகப்பன். "வெளிநாட்டில் காசு கொடுத்தால் ஆண் பிள்ளையாகவே கேட்டு வாங்கலாமாம். நிறம், உயரம், மூளை எல்லாம்கூடப் பார்த்துத் தருகிறார்களாம். ஒரு கண்டெய்னர் சரக்கின் விலைதானே!" என்று சிரித்தார்.

இருவரும் கேட்டது ஒரே வித்தையைப் பற்றித்தான். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியா? இதைத்தான் இன்று நாம் சிந்திக்கவேண்டும். நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கடையில் 25 வருஷம் பழகியதுமே நம் கைமுதல். உலமாக்களிடமும் டாக்டர்களிடமும் கேட்டுத் தெரிந்ததை நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்லுகிறோம்.

சகோதரர்களே! ஒவ்வொரு மனிதனுடைய உடம்பிலும் இரண்டு பேரேடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தகப்பன் தந்தது. இரத்தம் எப்படி ஊறவேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் எழுதியிருக்கிறது. ஒரு பேரேட்டில் அந்தப் பக்கம் அழிந்திருந்தாலும் மற்றதைப் பார்த்து உடம்பு வேலை செய்துகொள்ளும். அப்படிப்பட்டவர் நோயாளி அல்லர். நோயின் அடையாளத்தைச் சுமப்பவர் மட்டுமே. அவர் நம்மைப்போல் கடை நடத்துவார், பாரம் தூக்குவார், நோன்பும் நோற்பார். அப்படிச் சுமக்கும் ஆணும் பெண்ணும் மணந்துகொண்டால், ஒவ்வொருவரும் தம் இரண்டு பேரேட்டில் ஒன்றைத்தானே பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்? இருவரிடமிருந்தும் அழிந்த பேரேடே வந்து சேர நான்கில் ஒரு பங்கு வழியுண்டு. அந்தப் பிள்ளைக்குத்தான் வியாதி. நான்கில் இரண்டு பங்கு, பெற்றோரைப்போல் சுமப்பவராகப் பிறக்கலாம். மீதி ஒரு பங்கு, ஒன்றுமே இல்லாமல் பிறக்கலாம். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதே, அடுத்த மூன்றும் சுகமாயிருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டுப் புதிதாகவே எடுக்கப்படுகிறது.

பரம்பரை வழியாக இப்படி வருவது நம் மார்க்கத்துக்குப் புதிதா? இல்லை. கிராமத்து அரபி ஒருவர் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுத்த பிள்ளையைப் பெற்றிருக்கிறாள் என்று சந்தேகத்தோடு முறையிட்ட வரலாறு புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் இருக்கிறது. அவருடைய ஒட்டகங்களின் நிறம் என்னவென்று நாயகம் அவர்கள் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தது உண்டா என்றார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க, முன்னோர் வழியில் ஏதோ ஒன்று இழுத்திருக்கும் என்று அவரே சொல்லும்படியாயிற்று. உம் மகனுக்கும் அப்படியே இருக்கலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினார்கள். ஒரு பெண்ணின் மானமும் ஒரு குழந்தையின் உரிமையும் அந்த ஒரு விளக்கத்தால் காப்பாற்றப்பட்டன.

இனி டாக்டர் சொன்ன வழியைப் பார்ப்போம். மனைவியின் கருமுட்டைகளை எடுத்து, கணவனுடைய விந்தோடு வெளியே சேர்க்கிறார்கள். இப்படி உண்டான முதல் குழந்தை 1978ல் இங்கிலாந்தில் பிறந்தது. ஐந்து நாள் வளர்ந்த கருவின் வெளிப்புறத்திலிருந்து, பின்னால் நஞ்சுக்கொடியாகக்கூடிய பகுதியில், சில அணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். நோயில்லாத கருவைத் தாயின் வயிற்றில் வைக்கிறார்கள். 1990லேயே லண்டனில் இவ்விதச் சோதனைக்குப் பின் கர்ப்பம் தரித்தார்கள். சிங்கப்பூரில் 2021 மே மாதம் முதல் இது முறையான மருத்துவச் சேவையாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நோய்க் காரணம் இல்லாமல் ஆணா பெண்ணா என்று பொறுக்க அங்கே அனுமதியில்லை.

"இது தக்தீரை மீறுவதல்லவா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஸைய்யிதுனா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டுப் போகும்போது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப நினைத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கேட்டார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் அவர்கள் மறுமொழி சொன்னார்கள். புல் உள்ள சரிவில் ஒட்டகத்தை மேய்த்தாலும், வறண்ட சரிவில் மேய்த்தாலும் இரண்டும் அல்லாஹ்வின் விதிதானே என்றும் விளக்கினார்கள். நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு விரோதமென்றால், நாம் ஏன் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை விழுங்குகிறோம்?

எனினும் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. மாத்திரை நோயாளியைக் குணப்படுத்துகிறது. இந்தச் சோதனை எந்தக் கருவையும் குணப்படுத்துவதில்லை. நோயுள்ளதை விலக்கி வைக்கிறது. ஆகையால் இதில் கை வைக்குமுன் கல்பு நடுங்கத்தான் வேண்டும். அதனால்தான் உலமாக்கள் இதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். கணவன் மனைவி என்ற இருவருடையது தவிர மூன்றாமவருடைய விந்தோ முட்டையோ கர்ப்பப்பையோ கலக்கக்கூடாது என்று 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் சபை தீர்மானித்தது. தேவைக்கு மேல் கருக்களை உண்டாக்கி மிச்சம் வைக்கக்கூடாது என்று அதே சபை 1990ல் ஜித்தாவில் சொன்னது. பரம்பரை வியாதியைத் தவிர்க்கும் அவசியத்துக்காக அன்றி, ஆண் பெண் பொறுக்க மருத்துவம் கையாளுதல் ஆகாது என்று மக்காவிலுள்ள ஃபிக்ஹ் சபை 2007ல் முடிவு கூறியது. ஆகவே அந்த வாலிபருக்கு நாம் சொன்னது இதுதான்: "தம்பி, உங்கள் கேள்வி வைத்தியத்தைப் பற்றிய கேள்வி. டாக்டரின் காகிதங்களை எடுத்துக்கொண்டு முஃப்தியிடம் போங்கள். வீட்டுத் திண்ணையில் ஃபத்வா வாங்காதீர்கள்."

மூன்று பெண் மக்களைப் பெற்றவரின் கேள்வியோ வேறு. அது ஆசையைப் பற்றியது. தான் நாடியவருக்குப் பெண்ணையும், நாடியவருக்கு ஆணையும், நாடியவருக்கு இரண்டையும் கொடுப்பதாகவும், சிலரை மலடாக வைப்பதாகவும் அல்லாஹுத்தஆலா அஷ்ஷூரா என்ற சூராவில் அறிவிக்கிறான். அங்கே பெண்ணைத்தான் முதலில் சொல்லுகிறான்! பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் தகப்பனை அந்நஹ்ல் சூரா கண்டிக்கிறது. ஜாஹிலிய்யா அரபி, பெண்ணைப் பிறந்த பிறகு மண்ணில் புதைத்தான். நாம் அவனைக் காட்டுமிராண்டி என்கிறோம். ஆஸ்பத்திரிக் கண்ணாடித் தட்டில் பெண் என்பதற்காகவே ஒரு கருவைக் கழிக்கச் சொல்லுகிறவனின் செய்கை வேறாக இருக்கலாம். அவன் முகம் கறுக்கும் காரணம் வேறா?

நிறத்துக்கும் இதுவே பதில். அரபிக்கு அஜமி மீதோ, வெள்ளையருக்குக் கறுப்பர் மீதோ தக்வாவைக் கொண்டன்றி மேன்மையில்லை என்று ஹஜ்ஜத்துல் விதாவில் நாயகம் அவர்கள் அறிவித்ததை ஒவ்வொரு மீலாது மேடையிலும் முழங்குகிறோம். மறுநாள் பெண் பார்க்கப் போய், "பிள்ளை நிறம் கொஞ்சம் மட்டு" என்று வாய்கூசாமல் சொல்லுகிறோம். பொறுக்கும் புத்தியை நமக்கு விஞ்ஞானம் கற்றுக்கொடுக்கவில்லை, சகோதரர்களே! அது நம் வீட்டிலேயே இருந்தது. விஞ்ஞானம் அதன் கையில் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே.

வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்லுவோம். அந்தச் சரக்கு விளம்பரத்தில் சொல்லுகிறபடி இல்லை. தலசீமியா ஓரிடத்து அழிவு; அதைச் சோதித்துச் சொல்ல முடியும். உயரம் அப்படியல்ல. அதற்குச் சம்பந்தப்பட்ட இடங்கள் பேரேட்டில் 12,000க்கு மேல் இருப்பதாக 2022ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. பத்துக் கருக்களில் உயரமானதைப் பொறுக்கினாலும் சராசரியாகக் கிடைப்பது சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான் என்று 2019ல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அதுவும் உறுதியில்லை. இருந்தும் அமெரிக்காவில் கம்பெனிகள் இதை விலை பேசுகின்றன. எடை குறைந்த சரக்கை விற்பவர்களைப் பற்றி அல்முதஃப்பிஃபீன் சூரா என்ன எச்சரிக்கிறது என்று கடைக்காரர்களாகிய நமக்குத் தெரியாதா?

பொறுக்குவதோடு நில்லாமல் கருவின் எழுத்தையே திருத்தப் போனவரும் உண்டு. சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குயி, எய்ட்ஸ் கிருமி தொற்றாதபடி கருவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக 2018 நவம்பரில் அறிவித்தார். உலகத்து விஞ்ஞானிகளே அதைக் கண்டித்தார்கள். 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று வருஷச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதிக்கப்பட்டன. அப்படித் திருத்தியதில் பிழை நேர்ந்தால் அது பேரன் பேத்திவரை போகும். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது?

மறுபடி அந்த வாலிபரிடம் வருவோம். புறப்படும்போது வாசலில் நின்று அவர் சொன்னார்: "காக்கா, அவன் உம்மாவுக்கு ஒரே பயம். அவன் பெரியவனாகி, 'என்னைப்போல் ஒருவன் வேண்டாமென்றா தம்பியைச் சோதித்தீர்கள்?' என்று கேட்டால் என்ன சொல்லுவது?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. கல்லாச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். பிறகு நினைவுக்கு வந்தவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் ரலியல்லாஹு அன்ஹு. கண் தெரியாத ஸஹாபி. குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில் அவரைக் கவனிக்காமல் முகம் திருப்பியதற்காக அல்லாஹுத்தஆலா தன் ஹபீபையே கண்டித்து அபஸ சூராவை இறக்கினான். அதே ஸஹாபி மதீனாவில் பாங்கு சொன்னார். நாயகம் அவர்கள் யுத்தத்துக்குப் போனபோது அவர்களுக்குப் பதிலாகத் தொழுகை நடத்தினார். கண்ணில்லை என்பதால் அவர் மதிப்பு ஒரு திர்ஹம் குறைந்ததா?

"தம்பி, அவன் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, உன்னைக் குத்தும் ஊசிதான் தம்பிக்கு வேண்டாம் என்றோம் என்று முன்னமே சொல்லுங்கள். ஆனால் வாய் சொன்னால் போதாது. வீட்டில் அவனுக்கு முதல் மரியாதை இருந்தால்தான் நம்புவான்" என்றோம். அவர் தலையசைத்துப் போனார். முஃப்தியைப் பார்த்தாரா, என்ன முடிவு செய்தார் என்று நாம் கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டு அமானத்.

ஜமாஅத்தாகிய நாம் செய்யவேண்டியது ஒன்றிருக்கிறது. பல்லாயிரம் வெள்ளி செலவாகும் கருச் சோதனைக்கு முன்னால், சொற்பச் செலவில் முடியும் இரத்தச் சோதனை இருக்கிறது. மலேசியாவில் 2016ல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அதைச் செய்யத் தொடங்கினார்கள். நம்மிலோ மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள் முடிப்பது வழக்கம். ஷரீஅத்தில் அது கூடும். ஆனால் ஒரே குடும்பத்தில் ஒரே பேரேடு சுற்றிச் சுற்றி வருவதால், அழிந்த இரண்டு பக்கங்கள் ஒன்றுசேர அங்கே வழி அதிகம். ஆகையால் மஹரையும் மண்டபத்தையும் பேசுமுன் மணமக்கள் இருவரும் இரத்தம் சோதிப்பதை நம் சங்கம் வழக்கமாக்கவேண்டும். பெண்ணை மட்டும் சோதிப்பதல்ல, இருவரையும். முடிவை அவ்விருவரும் அறிந்தால் போதும், கடைத்தெருவுக்கு வரக்கூடாது. அடையாளத்தைச் சுமப்பதாகத் தெரிந்த ஒரு குமரைக் குறைசொல்லி ஒதுக்குவோமானால், நோயை விலக்கப் போய்ப் பாவத்தை வாங்கியவர்களாவோம்.

சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்குவது வியாபாரம். பிள்ளை சரக்கல்ல. அது அல்லாஹ் நம் கையில் கொடுத்துவைத்த அமானத். அமானத்தை நோயிலிருந்து காக்க முயலலாம். நம் ரசனைக்குத் தக்கபடி மாற்றிக் கேட்க நமக்கு உரிமையில்லை. கொடுத்தவன் நாளைக் கியாமத்தில் கணக்குக் கேட்கும்போது, பிள்ளை என்ன நிறம், என்ன உயரம் என்று கேட்கமாட்டான். அதை எப்படி வைத்திருந்தாய் என்றுதான் கேட்பான்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பெற்றவர்களுக்கு ஸப்ரையும், எங்கள் எல்லோருக்கும் ஸாலிஹான சந்ததியையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.