நிலத்தை அறியும் அளவைகள்

காடு, வயல், ஏரி, ஊர், ஆலை ஆகியவை ஒரு வட்டாரத்தில் எப்படி அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன, அந்த அமைப்பு நீரோட்டத்தையும் உயிர்களின் நடமாட்டத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்று ஆராயும் துறை நிலத்தோற்றச் சூழலியல். ஜெர்மானியப் புவியியலாளர் கார்ல் டிரோல் 1939இல் இதற்குப் பெயரிட்டார். விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்தபோது இத்தகைய துறையின் தேவை அவருக்குப் புலப்பட்டது. பல்கலைக்கழகங்களில் இது இரு வழிகளில் கற்பிக்கப்படுகிறது. ஒன்று, மாணவர் நிலத்தில் நடந்து குறிப்பெடுக்கும் களப்பணி; மற்றொன்று, படங்களையும் எண்களையும் கணினியில் ஆராயும் தரவுப் பகுப்பாய்வு. இவ்விரண்டும் முரண்படும்போது எதை நம்புவது என்பது அறிவியல் கேள்வி மட்டுமன்று. அறிவுக்கு ஆதாரம் எது என்று இந்திய மெய்யியல் தொடர்ந்து விவாதித்துவந்த கேள்வியும் அதுவே.

தமிழ் நூல்கள் இந்த ஆதாரங்களை அளவை என்று அழைக்கின்றன. பொருள்முதல்வாதிகளான உலகாயதர், புலன்களால் நேரே அறியும் காட்சி ஒன்றையே ஏற்றனர். மணிமேகலையின் 29ஆம் காதை, காட்சி, கருத்து (ஊகித்தறிதல்) என்னும் இரண்டையே பௌத்த அளவைகளாகக் கூறுகிறது. அருணந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பலவகை அளவைகளை எண்ணி, அவற்றைக் காட்சி, கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடக்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் நிலத்தை அறிய முயலும் ஒருவருக்கு இம்மூன்றும் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய பிழையும் உண்டு.

முதல் சிக்கல், அறியப்படும் பொருளின் எல்லை. பழவேற்காடு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. நீர்மட்டத்துக்கேற்ப அதன் பரப்பு சுமார் 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை மாறுவதாகக் கணக்கிடப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் அது விரிகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும்போது சுருங்கி உப்பேறுகிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டமோ 1997இல்தான் உருவானது. ஆகவே மாவட்ட எல்லைக்குள் மட்டும் எடுத்த தரவு, ஏரியின் ஒரு துண்டைப் பற்றியே பேசும். எந்த எல்லையை வரைகிறோமோ அதற்கேற்ப விடை மாறுகிறது. இதனால் நிலம் வெறும் மனக்கற்பனை என்றாகிவிடாது. எல்லையைச் சொல்லாமல் சொல்லப்பட்ட முடிவு முழுமையற்றது என்பதே இதன் பொருள்.

காட்சி என்னும் அளவைக்கு ஐயமும் திரிபும் குற்றங்கள் என்று சித்தாந்த நூல்கள் சொல்லும். செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் நேர்கின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிய தரிசுகளில் படம் பச்சையைக் காட்டினால், அது இயற்கைப் புதர்க்காடாக இருக்கலாம், சீமைக் கருவேலமாகவும் இருக்கலாம். கடலோரத்தில் சவுக்குத் தோப்பு காடாகத் தோன்றும். முப்பது மீட்டர் அளவுள்ள படப்புள்ளியில் ஏரிக்கரைப் பனைவரிசை கரைந்துபோகும். புள்ளி உணர்வது எதிரொளியை மட்டுமே. அதற்குக் காடு என்று பெயரிடுவது கருதல். எனவேதான் வகைப்படுத்திய படத்தைக் களத்துக்குக் கொண்டுபோய், எத்தனை இடங்களில் பெயர் பொருந்துகிறது, எத்தனை இடங்களில் தவறுகிறது என்று அட்டவணையிட மாணவர் கற்கின்றனர்.

களக்காட்சியும் குறையற்றதன்று. எண்ணூர்க் கழிமுகத்தில் நிற்பவர் கண்ணுக்குப் பூண்டி நீர்த்தேக்கம் தெரியாது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டப்பட்ட அந்த அணை, ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு எவ்வளவு நீர் எப்போது வரும் என்பதை மாற்றியது. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும் தொடரும் கரையில் நின்று பார்த்தால் புலப்படுவதில்லை. இத்தகைய தொடர்புகளை வரைபடமும் கணக்கும்தான் வெளிக்கொணர்கின்றன.

கருதலுக்குத் தேவை பிறழாத தொடர்பு. நியாயம் என்னும் தர்க்க மரபினர் அதை வியாப்தி என்பர். புகை கண்டு நெருப்பை அறியலாம், நெருப்பைக் கண்டு புகையை உறுதி செய்ய முடியாது. புகைக்கு ஈரவிறகு என்னும் மறைந்த நிபந்தனையும் வேண்டும். இதன் பெயர் உபாதி. ஆலைகளுக்கு அருகிலுள்ள ஏரிகளில் நீர்ப்பறவைகள் குறைவு என்று ஒரு கணக்கு காட்டுவதாகக் கொள்வோம். அந்த ஏரிகள் ஆழம் குறைந்து முன்னதாகவே வற்றுபவையாகவும் இருந்தால், குறைவுக்குக் காரணம் ஆலையா நீர்மட்டமா என்பது தெளிவாகாது. புள்ளியியல் இதே உபாதியைத்தான் தேடுகிறது. மற்றொரு பொறியும் உண்டு. அருகருகே உள்ள இடங்கள் ஒத்திருக்கும் என்பதை வால்டோ டோப்ளர் 1970இல் புவியியலின் முதல் விதி என்றார். ஒரே ஏரியில் நாற்பது இடங்களில் எடுத்த அளவுகள் தனித்தனியான நாற்பது சான்றுகள் ஆகா. இதை மறந்தால் முடிவின் உறுதி மிகையாகத் தோன்றும்.

மூன்றாவது அளவை, உரை. சித்தாந்தத்தில் இது ஆகமம், ஐயத்துக்கு இடமற்றது. நிலத்தைப் பொறுத்தவரை நியாய மரபின் விளக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது. பொருளை நேரில் அறிந்து, அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புபவரே நம்பத்தக்கவர் என்று நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் வரையறுத்தார். அந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் எழுதினார். சாதியும் கல்வியும் இங்கு அளவுகோல் அல்ல. பழவேற்காட்டு மீனவர் மீன்பிடி இடங்களைப் பாடு என்னும் முறையில் சீட்டுக் குலுக்கிச் சுழற்சியாகப் பகிர்ந்து வந்துள்ளனர். எந்தப் பாட்டில் எந்தப் பருவத்தில் இறால் படும், முகத்துவாரம் அடைந்தால் எது குறையும் என்பவை அவர்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் படங்கள் கிடைப்பது 1970களிலிருந்துதான். அதற்கு முந்திய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் முதியவர்களே.

ஆனால் இந்த உரை ஆகமம் போல் மறுப்புக்கு அப்பாற்பட்டதன்று. நினைவு பிசகும், சொல்பவருக்கு நலன்களும் இருக்கும். அதைப் படத்தோடும் அளவீட்டோடும் ஒப்பிடவேண்டும்; ஒப்பிடுவதால் அதன் மதிப்பு குறையாது. சான்றுகள் முரண்பட்டால் எது எப்போதும் மேலானது என்ற பொதுவிதி கிடையாது. பிழை பெயரிடுவதில் இருந்தால் களம் திருத்துகிறது, தொடர்பில் இருந்தால் பகுப்பாய்வு திருத்துகிறது, காலத்தில் இருந்தால் உரை திருத்துகிறது. சித்தாந்தி தேடுவது மாறாத பொருளை. சூழலியலாளர் தேடுவது மாறிக்கொண்டே இருக்கும் நிலத்தை. ஆகவே நிலத்தைப் பற்றிய எந்த முடிவும் அதன் எல்லையோடும் காலத்தோடும் பிழையளவோடும் சேர்ந்தே அறிவாகிறது.