பயணத்தில் சுதந்திரம்

சுதந்திரம் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் மேடைகளிலேயே கேட்கிறோம். ஆயின், ஒரு குடும்பம் விடுமுறைப் பயணத்திற்குத் திட்டமிடும்போதும் அச்சொல் குறுக்கே வந்து நிற்பதுண்டு. வெளிநாட்டில் இரயிலில் செல்வதா, வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டிச் செல்வதா? செலவுக் கணக்கைப்போல் தோன்றும் இக்கேள்விக்குள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார், மனைவி, மக்கள் இருவர் ஆகியோருடன் சுவிட்சர்லாந்து சென்றிருந்தேன். இரயிலுக்குப் பெயர்பெற்ற நாடு அது. குறித்த இடைவெளியில் வண்டிகள் தவறாது புறப்படும்படி, 1982ஆம் ஆண்டிலேயே நாடளாவிய கால அட்டவணை வகுத்தவர்கள் அந்நாட்டினர். இரயில் எட்டாத மலைச் சிற்றூர்களுக்கு மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் செல்கின்றன. 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையத்திற்கு 1912இலேயே இரயில் பாதை அமைத்துவிட்டனர்.

இவையெல்லாம் அறிந்திருந்தும் நான் காரையே தேர்ந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று காரணம் கூறினேன். அது பொய்யன்று; எனினும் முழு உண்மையும் அன்று. நினைத்த நேரத்தில் புறப்படலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், எவருக்கும் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங் என் கையில் இருக்கும்! இந்த ஆசைக்கே அம்மாவின் முழங்காலைச் சாட்சிக்கு அழைத்தேன்.

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன், அங்கு வலப்பக்கம் ஓட்ட வேண்டியிருந்தது. 2,429 மீட்டர் உயரமுள்ள ஃபுர்கா கணவாயில் ஏறியபோது பிள்ளைகள் பனிமுடிகளைக் காட்டி ஆரவாரித்தனர். நான் கண்டதோ அடுத்த வளைவையும் எதிரே வந்த வண்டிகளையும் மட்டுமே. "நீங்கள் பார்த்தால் போதும், அதற்காகத்தானே நான் ஓட்டுகிறேன்" என்றேன். அதைத் தியாகம் என்றே அப்போது நம்பினேன்.

நான்காம் நாள் செர்மாட் என்னும் மலையூருக்குச் சென்றோம். எண்ணெயில் ஓடும் கார்களை அவ்வூரார் உள்ளே அனுமதிப்பதில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு முன்பே, டேஷ் என்னும் ஊரில் காரை நிறுத்திவிட்டு இரயிலேற வேண்டும். விருந்தினனின் சுதந்திரம் வீட்டாரின் வாசலோடு முடிவது முறைதானே! ஸ்டீயரிங்கை விட்ட என் கையைப் பற்றிக்கொண்டு தாயார் வண்டியில் ஏறினார்.

அருகருகே அமர்ந்தோம். நான்கு நாள்களாக அவர் முகத்தை நான் காரின் கண்ணாடியில்தான் பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சிறுமியாக இருந்தபோது, தம் தந்தையாருடன் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இரயிலில் சென்ற கதையை அவர் சொல்லத் தொடங்கினார். ஓரிடமே கிடைத்ததாம், அதுவும் சன்னலோரத்தில். மகளை அதில் அமர்த்திவிட்டுத் தந்தையார் வழிநெடுக நின்றுகொண்டே வந்தாராம். அதுவரை நான் கேட்டிராத கதை அது.

பாட்டனார் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். நானோ இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டினேன்.

இதனால் கார் தீது, இரயில் நன்று என்று தீர்ப்பளிக்க நான் முற்படவில்லை. தண்டவாளம் எட்டாத இடங்கள் உண்டு. நடக்கவியலாத முதியோருக்குக் காரே உற்ற துணையாகும் வேளைகளும் உண்டு. அப்போது ஓட்டுபவனின் உழைப்பு உண்மையான தொண்டே. ஆனால், அது பிறருடைய தேவைக்காகவா, தன்னுடைய ஆளுகைக்காகவா என்பதை அவன் மனமே அறியும்.

இரயிலில் நாம் கால அட்டவணைக்குக் கட்டுப்படுகிறோம். கண்ணும் செவியும் கட்டின்றி இருக்கின்றன. காரில் காலத்தை நாம் ஆள்கிறோம். சாலை நம்மை ஆள்கிறது. கட்டுப்பாடே இல்லாத பயணம் எங்கும் இல்லை. எந்தக் கட்டுப்பாட்டை ஏற்றால் உடன் வருவோருக்கு நாம் முழுமையாகக் கிடைப்போம் என்று எண்ணித் தேர்வதே சுதந்திரம்.

ஊருக்குத் திரும்பும் நாள்வரை வாடகைக் கெடு இருந்தது. இருந்தும், காரை முன்னதாகவே ஒப்படைத்துவிட்டு எஞ்சிய நாள்களில் இரயிலிலேயே சென்றோம். சன்னலோரத்தில் அம்மா அமர்ந்தார்.