தறியில் மனிதப் பங்கு எது?

கருவிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது? கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி இதற்கு நெசவிலிருந்தே விடை எடுத்தார். கம்பளத் தறி பாவு இழைகளை இழுத்துப் பிடித்துக்கொடுக்கிறது; முடிச்சுப் போடுவது நெய்பவரின் விரல். ஆகவே அது கருவி. விசைத்தறியோ மனிதன் செய்யவேண்டிய பங்கையே பறித்துக்கொள்கிறது. அது பண்பாட்டைக் கெடுக்கும் இயந்திரம். பொருளியலாளர் ஷூமாக்கர் 1973-இல் வெளியிட்ட ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலில் பௌத்தப் பொருளியலை விளக்கும்போது இந்த வாதத்தைத்தான் துணைக்கு அழைத்தார்.

பாவு இழைகளைத் தூக்கும் விழுதுச் சட்டங்கள் பல கொண்ட கைத்தறியில் வண்ணக் கழுத்துத்துண்டு நெய்பவரிடம் வந்தால் இந்தக் கோடு குழம்பிவிடுகிறது.

சாதா நெசவுக்கு 2 சட்டங்கள் போதும். 4 இருந்தால் பாவை 14 விதமாகத் தூக்கலாம். 8 இருந்தால் 254 விதம். 30 செ.மீ. அகலத் துண்டுக்கு, செ.மீ.க்கு 8 இழை என்று வைத்தால் 240 இழைகள். ஒவ்வொன்றையும் அதற்குரிய சட்டத்தின் விழுதுக் கண்ணில் கோத்து, அச்சில் இழுத்தாக வேண்டும். ஐந்தாம் சட்டத்து இழை ஆறாவதில் ஏறிவிட்டால் துண்டின் தலைப்பிலிருந்து கடைசி வரை அந்தப் பிசகு கோடாக ஓடும். இழை கோத்து மிதிகளையும் கட்டிவிட்டால், பிறகு வைரக்கட்டமோ அலையோ கால் மிதிக்கும் வரிசையில் தானாக விழுகிறது. கைக்கு மிஞ்சுவது நாடாவை எறிவதும் பலகையை அடிப்பதும், நிறம் மாற்றுவதும்தான். அப்படியானால் இந்தத் தறி எந்தப் பக்கம்?

இந்தக் கேள்வி குமாரசாமிக்கு மிக நெருக்கமான ஒருவரின் கைகளில் வளர்ந்தது. சர் முத்துக்குமாரசாமியின் மகனாக 1877-இல் கொழும்பில் பிறந்த குமாரசாமி, 1902-இல் எதெல் பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். இருவரும் இலங்கையில் கைவினைஞர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். அந்த உழைப்பிலிருந்து 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய குமாரசாமியின் பெரு நூல் வந்தது. மணமுறிவுக்குப் பின் எதெல், ‘எதெல் மைரே’ என்ற பெயரில், இங்கிலாந்தின் டிட்ச்லிங் கிராமத்தில் நெசவுக்கூடம் நடத்தினார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916-இல் ஒரு நூலும் எழுதினார். அவர் துணிகளின் அழகு நூலிழையிலும் சாயத்திலும் இருந்தது. நெசவு பெரும்பாலும் எளியதே.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த மரியான் ஸ்ட்ராப் 1930-களில் அங்கே வந்தார். பிராட்ஃபோர்டில் ஆலை நெசவு படித்தவர். இரட்டை அடுக்குத் துணி நெய்யும் முறையை அந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர். இயந்திரத்தைக் கண்டு எதெல் கதவை மூடவில்லை. 1939-இல் எழுதிய நூலில், கைத்தறி ஆலைக்கும் வழிகாட்ட வேண்டும் என்ற பக்கமே அவர் நின்றார்.

குமாரசாமி புதுமையை ஒருபோதும் அளவுகோலாக வைத்ததில்லை. பாட்டன் வரைந்த கோலத்தையே பேரன் திரும்ப வரைவதில் அவர் குறை காணவில்லை. தன் தொழிலாலேயே இறைவனை வழிபடலாம் என்னும் கீதையின் கருத்தே அவருக்கு அடித்தளம். அந்த அடித்தளத்தில் நின்று பார்த்தால், மனிதப் பங்கை விரல்நுனியில் மட்டும் தேட வேண்டியதில்லை. என்ன செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்று அறிந்து, அடுத்த ஊடையிலேயே மனம் மாறவும் பிசகுக்குப் பொறுப்பேற்கவும் நெய்பவருக்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. எட்டுச் சட்டத் தறியில் அந்த இடம் தாராளமாக இருக்கிறது. தூக்கும் வரிசையைக் கணினி சொல்லும் டாபி தறியிலும், நிறத்தை நெய்பவர் தேர்கிறவரை, அது இருக்கிறது. நிறமும் கோலமும் வேறொருவர் தீர்மானித்து, இவர் வெறுமனே மிதிப்பவராகிவிட்டால், மின்சாரமே இல்லாத தறியும் குமாரசாமி அஞ்சிய இயந்திரமாகிவிடும்.

ஸ்ட்ராப் பின்னாளில் வேல்ஸ் கம்பளி ஆலைகளுக்கும் லண்டன் ரயில் இருக்கைகளுக்கும் துணி வடிவமைத்தார். கைத்தறியில் நெய்து பார்த்தே வடிவத்தை முடிவு செய்தார். அந்தத் துணியில் அவருடைய பங்கு முழுமையாக இருக்கிறது. ஆலையில் அதை ஓட்டிய தொழிலாளியைப் பொறுத்தவரை குமாரசாமியின் புகார் இன்றும் அப்படியே நிற்கிறது.