மங்கு யாருடைய வலி?

செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? சிலருக்கு இரண்டு கன்னத்திலும் பழுப்பாக ஒரு படலம் இருக்கும். மங்கு என்பார்கள். வெயில், பிள்ளைப்பேறு, பரம்பரை இதெல்லாம் தூண்டிவிட்டு வருவது. வலிக்காது, அடுத்தவருக்கு ஒட்டாது.

வலிப்பது வேறு. கல்யாண வீட்டில் ஓர் அத்தை, "என்னடி, மூஞ்சி இப்படிக் கறுத்துப் போச்சு?" என்பாள். அக்கறைதான். ஆனால், மறுநாளே அந்தப் பெண் மருந்துக்கடையில் நிற்பாள். கைக்கு வருவது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கிடுக்கிப்பிடி போட்டது. கேட்பவர் இருக்கும்வரை விற்பவரும் இருப்பார். முதலில் முகம் பளிச்சென்றாகும். போகப் போகத் தோல் மெலியும், சிவக்கும், ரோமம் முளைக்கும். நிறுத்தினால் மங்கு திரும்பி வரும்.

அப்போ வைத்தியமே பார்க்கக் கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். அது ஆடம்பரமில்லை. தோல் டாக்டர் சொல்லும் மருந்து, தினமும் சன்ஸ்க்ரீன், வெயிலில் முக்காடு. மாதக்கணக்கில் ஆகும். அப்போதும் பெரும்பாலும் அடங்குமே தவிர, அடியோடு போகாது. 1690-ல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்ட மொகலாயப் படை 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. அவ்வளவு பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையை அவளிடமிருந்து பறிப்பது யார்? நம் கேள்விதான். அவள் முகம் அவளுடையது. வைத்தியம் பார்ப்பதும் பார்க்காததும் அவள் முடிவு. அடுத்த முறை அவளைப் பார்த்தால், "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேளுங்களேன்!