இச்சைக்கும் செயலுக்கும் நடுவே

தம்ளரை எடுக்க நினைத்ததும் கை நீளுகிறது. நினைப்புக்கு எடையில்லை, நீள அகலமில்லை. கைக்கு இவை எல்லாம் உண்டு. எடையற்ற ஒன்று எடையுள்ளதை எப்படி அசைக்கிறது? பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643 மே மாதம் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் கேட்டார். ஆன்மாவும் உடலும் முற்றிலும் வேறு என்று சொன்ன டெக்கார்ட்டால் அவருக்கு நிறைவான பதில் தர முடியவில்லை. மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியில் ஆன்மா செயல்படுகிறது, அங்கிருந்து காற்றைப் போன்ற நுண்பொருள் ஒன்று நரம்பு வழியே பாய்ந்து தசையை உப்ப வைக்கிறது என்பது டெக்கார்ட்டின் விளக்கம்.

அந்த விளக்கத்தின் ஒரு பாதியை ஒரு துளி நீர் முடித்துவைத்தது. டச்சு அறிஞர் யான் ஸ்வாமர்டாம் 1660-களில் தவளையின் தசையைக் கண்ணாடிக் குழலுக்குள் வைத்து, குழலின் மெல்லிய முனையில் நீர்த்துளி ஒன்றை நிறுத்தி, நரம்பைத் தூண்டினார். தசை சுருங்கியது, துளி மேலே ஏறவில்லை. தசைக்குள் புதிதாக எதுவும் புகவில்லை என்பது அதற்குப் பொருள்.

உள்ளே நடப்பது தெளிவாக 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஒருபுறம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறம், ஒரே ஆண்டில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். (இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்.) தசைக்குள் மயோசின், ஆக்டின் என்னும் இரு வகைப் புரத இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் சுரந்ததும் தசை இழையில் மின்மாற்றம் பரவி, கால்சியம் வெளிவருகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்க, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகிறது. இழை எதுவும் குறுகுவதில்லை, தசைதான் குறுகுகிறது. தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் முழங்கையை மடக்க ஒரு தசையும் நீட்ட இன்னொன்றும் வேண்டியிருக்கிறது.

பற்றிய பிடியை விடுவதற்கும் ஆற்றல் தேவை என்பது இதில் வியப்பான செய்தி. ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் மயோசினின் தலை ஆக்டினை விடும். உயிர் போனபின் ஏடிபி தீர்ந்துவிடுகிறது. பற்றியவை பற்றியபடியே நிற்கின்றன. சில மணி நேரத்தில் தாடையில் தொடங்கும் விறைப்பு மெல்ல உடலெங்கும் பரவுகிறது. வீட்டில் ஓர் உயிர் பிரிந்ததும் பெரியவர்கள் முதல் வேலையாகக் கண்களை மூடி, வேட்டித் துணியைக் கிழித்துத் தாடையைச் சேர்த்துக் கட்டி, கால் கட்டைவிரல்களைப் பிணைப்பது இதற்கு முந்திக்கொள்ளத்தான். ஓரிரு நாளில் அந்த விறைப்பு தளர்வதும் புரதங்கள் சிதைவதால்தான். விடுதல் என்பது சும்மா இருப்பதன்று, அதுவும் உயிரின் வேலை.

இந்தத் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் இச்சை ஒருபுறமும் செயல் மறுபுறமும் நின்றுவிடுகின்றன. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் உடலின் எதிர்ப்புப் புரதங்களே அசிட்டைல்கோலினை ஏற்கும் இடங்களைத் தாக்குகின்றன. காலையில் நன்றாகத் திறந்திருந்த இமை மாலையில் தொங்குகிறது; சாப்பிடத் தொடங்கியவர் பாதியில் மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்கிறார். டுஷேன் தசைச் சிதைவு நோயில், எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறால் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உருவாவதில்லை. பெரும்பாலும் ஆண்குழந்தைகளுக்கே வருவது இது. கெண்டைக்கால் பருத்துப் பார்க்க வலுவாகத் தெரியும். உண்மையில் தசை அழிந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பியிருக்கின்றன. தரையிலிருந்து எழ அந்தச் சிறுவன் முதலில் தவழும் நிலைக்கு வருகிறான், பிறகு இடுப்பைத் தூக்குகிறான், முழங்காலில் கை ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்கிறான். எழ வேண்டும் என்ற விருப்பத்தை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் காட்சி வேறில்லை. அவனைப் பார்த்துத்தான் ‘சோம்பேறி’ என்கிறார்கள்.

இந்தப் பழி புதிதன்று. மருத்துவர் யூலியஸ் தாம்சன், இறுகிய தசை உடனே தளராத நோயைத் தம்மிடமும் தம் குடும்பத்தாரிடமும் கண்டு 1876-இல் எழுதினார். ராணுவ சேவையிலிருந்து தப்ப நடிக்கிறான் என்று மகன்மேல் விழுந்த சந்தேகமே அவரை எழுதத் தூண்டியது. செயலைப் பார்த்து விருப்பத்தை அளக்கும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு ஒரு தகப்பன் தந்த சான்று அது.

சைவ சித்தாந்தம் இங்கே டெக்கார்ட்டைவிட நுட்பமாகப் பேசுகிறது. இச்சை, ஞானம், கிரியை மூன்றும் உயிரின் ஆற்றல்கள்; ஆணவ மலத்தால் மறைக்கப்பட்ட இவை, மாயையிலிருந்து கிடைத்த உடல் முதலிய கருவிகளின் துணையால்தான் ஓரளவு விளங்கும். இதன்படி கருவி பழுதானால் கிரியை தடைப்படுமே தவிர, உயிர் குறைந்துபோவதில்லை. எலிசபெத்தின் கேள்வி இதனாலும் தீரவில்லை, அறிவற்ற கருவியை அறிவுள்ள உயிர் தொடும் இடம் இன்னும் விளக்கம் கேட்கிறது. ஆனால் நோயாளியைக் குற்றவாளி ஆக்காமல் யோசிக்க இது இடம் தருகிறது.

இச்சை எப்போதும் முழுதாகவே எஞ்சுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. மயோடோனிக் தசைச் சிதைவு நோய் தசையோடு நிற்பதில்லை, மூளையையும் தொடுகிறது. கைகுலுக்கிய பிடியை விட முடியாத அதே மனிதருக்குப் பகலெல்லாம் தூக்கம் வருகிறது, எதிலும் நாட்டம் இல்லாமல் போகிறது. அங்கே செயல் மட்டுமல்ல, விரும்புவதே நோய்வாய்ப்படுகிறது. உள்ளே தீண்டப்படாத ஒரு சித்தம் உட்கார்ந்து கட்டளையிடுகிறது என்ற எளிய சித்திரத்துக்கு இது பொருந்தாது. கிரியையை எழுப்பக் கலை, ஞானத்தை எழுப்ப வித்தை என்னும் தத்துவங்கள் இருப்பதுபோல, இச்சையை எழுப்பவும் அராகம் என்ற தனித் தத்துவம் வேண்டும் என்று சித்தாந்திகள் கணக்கிட்டிருக்கிறார்கள். விரும்புவதற்கும் உயிருக்குக் கருவி வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.