அடைத்த துளை பாரம் தாங்குமா?

சுவரின் பழைய துளையை வால் புட்டியால் அடைத்துப் பெயின்ட் அடித்தால் வடு தெரியாது. அதே இடத்தில் டிரில் செய்து ஸ்க்ரூ ஏற்றினால் பொடிந்து கொட்டிவிடும். உள்ளிருக்கும் தூசியை ஊதி வெளியேற்றி, எபாக்சி கலவையை ஆழம்வரை நிரப்பி, அது இறுகும்வரை பொறுத்திருந்தால்தான் அங்கே மீண்டும் பாரம் ஏற்றலாம். மனம் திருந்துவது பற்றிச் சமயங்கள் கேட்பதும் இதுதான்: வடு மறைந்தால் போதுமா, பாரம் தாங்க வேண்டுமா? 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் இரண்டாவதையே கேட்டார். முன்பு தவறிய அதே வாய்ப்பு மீண்டும் அமைந்து, உடலில் வலுவும் இருந்து, அச்சத்தால் அல்லாமல் ஒருவன் விலகி நின்றால்தான் அவன் திருந்தியது முழுமை என்கிறது அவருடைய ‘மிஷ்னே தோரா’. கடுமையான அளவுகோல்தான், ஆனால் கண்ணீரைவிட நம்பகமானது.

துளைபட்ட இடத்திலேயே ஏன் மறுபடி ஏற்ற வேண்டும், பக்கத்தில் நல்ல சுவர் இல்லையா என்று பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். முழுக்க நியாயமான கேள்வி. மன்னித்தவர்கூட மீண்டும் நம்பக் கடமைப்பட்டவர் அல்லர். அவரைச் சோதனைக் களமாக்குவது இன்னொரு அநீதி. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயம் இதை நேர்மையாகப் பார்க்கிறது. கொலைகாரன் அங்குலிமாலன் துறவியான பின்பும் பிச்சைக்குப் போன இடத்தில் மண்கட்டியும் தடியும் பட்டு, தலை உடைந்து ரத்தம் வழியத் திரும்பினான். புத்தர் ஊராரைக் குறை சொல்லவில்லை, பொறுத்துக்கொள் என்றார். சங்கத்திலிருந்து அவனை விலக்கவும் இல்லை. பாரம் ஏற்றிப் பார்க்கும் பொறுப்பு காயம்பட்டவருடையது அல்ல, சமூகத்துடையது. சிறையிலிருந்து திரும்பியவருக்கு வேலையே தராமல், அவர் திருந்தவில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்வது எந்தச் சான்றின் பேரில்?