கைதட்டல்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர்வரை பஸ்ஸில் வந்து, ரயிலேறி, சென்னை வழியாக மும்பை போனேன். நாரிமன் முனையில் ஜாம்ஷெட் பாபா அரங்கு. 2006இல் தோன்றிய ஸிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. பீத்தோவனின் ஏழாவது ஸிம்ஃபனி. முதல் பகுதி முடிந்ததும் கைதட்டிவிட்டேன். தட்டியவன் நான் ஒருவன்தான். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வங்கியில் செலானைத் தப்பாக நிரப்பிக்கொண்டு வருபவரை நான் பார்க்கும் பார்வைதான் அது.

நான்கு பகுதிகளும் முடியும்வரை தட்டக்கூடாது என்ற விதி அந்த இசையோடு பிறந்ததல்ல. 1778இல் பாரிஸில் தன் ஸிம்ஃபனியின் நடுவிலேயே சபை கைதட்டியதை மொஸார்ட் சந்தோஷமாகத் தந்தைக்கு எழுதினார். 1813இல் இதே ஏழாவது வியன்னாவில் அரங்கேறியபோது, இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கவைத்தார்கள். நிசப்தம் இறுகியதெல்லாம் பிற்பாடுதான். பழகியவன், பழகாதவன் என்று ஆளைப் பிரிக்கவும் அது உதவிற்று.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் இரண்டாம் பகுதி தொடங்கிவிட்டது. கீழ்ஸ்தாயித் தந்திகளில் ஒரே தாளக்கட்டு, மிக அடங்கிய குரலில் கிளம்பி, மெல்ல வயலின்களுக்கு ஏறியது. நாலு பேர் பேசியிருந்தால் அந்தத் தொடக்கம் அழிந்துபோயிருக்கும். என்னை அவமதித்த அதே நிசப்தம்தான் அதை எனக்குக் கேட்கக் கொடுத்தது.

நம் கல்யாணங்களில் நாதஸ்வரத்துக்கு இது வாய்ப்பதில்லை. கெட்டிமேளமே பிற சத்தங்களை அமுக்கத்தான். இசை இங்கே வாழ்வோடு கலந்திருக்கிறது என்று புகழ்ந்து எழுதியவன் நான். வாசிப்பவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அரங்கின் நிசப்தம் வாசிப்பவனுக்குச் செய்யும் மரியாதையா, பக்கத்து ஆளை அளக்கும் கோலா? வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மௌனமாக உட்கார்ந்திருப்பவன்தான் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய பின் பெரம்பலூரில் ஒரு கல்யாணம். மேளக்காரர்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, கல்யாணி ஆலாபனை முழுவதையும் பேசாமல் கேட்டேன். முடித்ததும் நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்தார். "என்ன சினிமாப் பாட்டு சார் வேணும்?" என்றார்.

இதையே இன்னும் கொஞ்சம் வாசியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒரு பாட்டைச் சொன்னேன்.